மேலே பத்திரமாக இருக்கும்

10 மார்ச் 2025, திங்கள். பெரம்பலூர்

கடையில் இன்று சளி, இருமல், மறுபடியும் சளி. ஊருக்கே தொண்டை கட்டியிருக்கிறது. மருந்தை எடுத்துக் கொடுத்துக்கொண்டே பெட்டியில் என்னென்ன வைப்பது என்று யோசித்துக்கொண்டிருந்தேன். வியாழக்கிழமை அம்மாவும் நானும் காசிக்குப் போகிறோம். அரியலூரிலிருந்து வருஷா வருஷம் ஆள் திரட்டிக் கூட்டிப்போகும் டூர்க்காரரோடு. ரியாத்திலிருந்து என் வீட்டுக்காரர், 'பெட்டியக் கொறச்சுக்க' என்றார். அவர் சொல்லி நான் எதைக் குறைத்திருக்கிறேன்?

அண்ணன் போன் செய்தான். 'போன்ல எடமிருக்கா பாத்துக்க ஹேமா.'

இருக்காது. எங்கள் குடும்பத்துக்கே ஒரே அக்கவுண்ட், அண்ணன் கோகுலகிருஷ்ணன் பேரில். நான் போன் வாங்கியபோது அவன்தான் எல்லாம் போட்டுக் கொடுத்தான். 'நீ பாஸ்வேர்டை மறந்துட்டு நிப்ப, என்னோடதையே போட்டுடுறேன்.' அம்மா போனும் அப்படித்தான், அண்ணி கவிதா போனும் அப்படித்தான். அவன் மகள் நர்மதா மட்டும் காலேஜ் சேர்ந்ததும் தனியாகப் பிரித்துக்கொண்டாள். நான் எடுக்கிற படம் அண்ணன் வீட்டு டிவியில் ஓடும். அவன் வைத்த தென்னங்கன்று என் போனில் வந்து நிற்கும். கேஸ் ஆள் என்று தேடினால் அரியலூர் கேஸ்காரர் எடுத்து, 'சொல்லுங்க சார்' என்பார். பழகிவிட்டது. அவன்தானே எல்லாவற்றையும் பார்த்துக்கொள்கிறான்.

13 மார்ச், வியாழன். ரயிலில்

பெரம்பலூரில் ரயில் ஏது, பஸ் பிடித்து அரியலூர் போய்த்தான் ஏறினேன். அண்ணன் அம்மாவை ஸ்டேஷனுக்குக் கூட்டிவந்தான். கட்டைப்பை நிறைய முறுக்கு, அம்மா முழங்காலுக்குத் தைலம், எனக்கு ஒரு பவர் பேங்க். 'லாட்ஜுல வைஃபை கெடச்சா அன்னன்னிக்கு எடுத்தத மேல ஏத்திடு. போன் தொலஞ்சாலும் படம் தொலையாது.' எவ்வளவு அக்கறை.

நாங்கள் இல்லாத நேரத்தில் நர்மதாவைப் பெண் பார்க்க வருகிறார்களாம், உடையார்பாளையத்திலிருந்து. அம்மா இருக்கவேண்டாமா என்று கேட்டேன். 'அம்மா நிம்மதியா போயிட்டு வரட்டும்' என்றான். அம்மா ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டாள்.

எதிர் சீட்டில் செட்டிகுளத்து முத்தாயிம்மா. அம்மா வயதுதான், அம்மாவைப் போலவே புருஷனை இழந்தவள். மகன் ராஜேஷ் வாங்கிக் கொடுத்த போனில் எதைப் பார்த்தாலும் வீடியோ எடுக்கிறாள். பாதி நேரம் அவள் கட்டைவிரல்தான் படமாகிறது. ரயில் ஆட்டத்தில் எழுத்து கோணுகிறது, போதும்.

16 மார்ச், ஞாயிறு. காசி

கால் வலி. கோயில், கூட்டம், மாடு, மறுபடியும் கோயில். ஆரத்தியை எடுக்கத் தூக்கினால் போன் 'இடம் இல்லை' என்கிறது. அண்ணனைக் கூப்பிட்டேன்.

'எடத்தைக் காலி செய்னு ஒண்ணு இருக்கும் பாரு. எல்லாம் மேல ஏறினப்பறம் அதை அழுத்து. போன்ல இருக்கறது போயிடும், மேல பத்திரமா இருக்கும்.'

'மேலன்னா எங்கண்ணே?'

'மேலதான். அழுத்துவியா, கேள்வி கேட்டுக்கிட்டு.'

அம்மா படுத்தபடியே, 'மேலன்னா, சாமிகிட்டயா?' என்றாள்.

17 மார்ச், திங்கள். காசி

இன்று நடந்ததை மறக்காமல் எழுதி வைக்கவேண்டும்.

மதியச் சாப்பாட்டுக்குப் பிறகு கூட்டம் முழுக்க லாட்ஜில் உருண்டுவிட்டது. அம்மா, நான், முத்தாயிம்மா மூவரும் மட்டும் படகில் போகலாம் என்று கிளம்பினோம். படித்துறையில் ஒரு பெண் பூச்சரம் விற்றாள். நம் மல்லி மாதிரியேதான், காம்பு மட்டும் கொஞ்சம் தடிப்பு. எனக்கு ஒன்று வாங்கினேன். அவள் அம்மாவின் தலையைக் காட்டி இந்தியில் ஏதோ சொன்னாள். நான் 'நஹி நஹி' என்று கையை ஆட்டினேன்.

அம்மா சொன்னாள்: 'ஏன் நஹிங்கற? எனக்கும் கொஞ்சம் வையி.'

அப்பா போனபோது நான் பள்ளிக்கூடப் பிள்ளை. அன்றிலிருந்து அம்மா தலையில் ஒரு கனகாம்பரம்கூட ஏறியதில்லை. தெருவில் யாருக்கு விசேஷம் என்றாலும் பூக்கட்ட அவளைத்தான் கூப்பிடுவார்கள். கட்டிக் கொடுத்துவிட்டுக் கையை முகர்ந்துகொண்டே வருவாள்.

'நெசமாவாம்மா?'

'இங்க என்னையத் தெரிஞ்சவ எவ இருக்கா? முத்தாயி ஒருத்தி. அவ சொல்லமாட்டா.'

'எனக்கும் ஒரு மொழம் வாங்கு தாயி' என்றாள் முத்தாயிம்மா. மூன்று தலையிலும் பூ ஏறிவிட்டது.

பழக்க தோஷத்தில் கைப்பையிலிருந்து குங்குமத்தையும் எடுத்துவிட்டேன். அம்மா என் கையைத் தள்ளினாள். 'அது வேணாம். பூ மட்டும்.' படகு கொஞ்ச தூரம் போனபிறகு அவளாகவே, 'ஒங்கப்பா வாங்கியாந்த வெள்ளிச் சிமிழு பொட்டியில காலியாத்தான் கெடக்கு. யாருக்கும் குடுக்க மனசு வரல' என்றாள்.

அப்புறம் சிரித்தாள். எதற்கு என்று தெரியவில்லை, முத்தாயிம்மா ஏதோ சொல்லியிருப்பாள். நான் எடுத்துக்கொண்டே இருந்தேன். ஒன்றில் வாயைப் பொத்திக்கொண்டு சிரிக்கிறாள். ஒன்றில் சரத்தைத் தோளுக்கு முன்னால் இழுத்துவிட்டுக்கொண்டு என்னை நேராகப் பார்க்கிறாள். இந்த முகத்தை நான் பார்த்ததே இல்லை. என் அம்மா அழகி. இத்தனை வயசுக்கப்புறம்தான் எனக்குத் தெரிகிறது.

கரை ஏறுவதற்கு முன் பூவைப் பிரித்து ஆற்றில் விட்டாள். லாட்ஜ் வாசலுக்கு வரும்போது பழைய அம்மா.

அறைக்கு வந்ததும் எல்லாவற்றையும் மேலே ஏற்றினேன். ஏறியதை ஒவ்வொன்றாகத் திறந்து பார்த்தேன். பிறகு 'இடத்தைக் காலி செய்' அழுத்தினேன். பத்திரம்.

19 மார்ச், புதன். கயா

அண்ணன் போனை எடுக்கவில்லை. பெண் பார்க்க வந்தவர்கள் நேற்றே போயிருப்பார்களே?

24 மார்ச், திங்கள். பெரம்பலூர்

நேற்று வந்து சேர்ந்தோம். அம்மாவை ஸ்டேஷனிலிருந்து அண்ணன் அழைத்துப் போனான். என்னிடம் முகம் கொடுத்துப் பேசவில்லை. பெண் பார்த்தது கூடவில்லையோ என்று நினைத்தேன். கூடிவிட்டதாம். பிறகு ஏன் மூஞ்சியைத் தூக்கி வைத்துக்கொண்டிருந்தான்?

30 மார்ச், ஞாயிறு

அம்மாவின் படகுப் படத்தில் ஒன்றைப் பெரிதாக அச்சடித்து என் வீட்டு மேசையில் வைக்கலாம் என்று தேடினேன். என் வீடுதானே, யார் கேட்கப்போகிறார்கள்.

கங்கை இருக்கிறது. படகு இருக்கிறது. என் மூக்கு இருக்கிறது. லாட்ஜ் வாசலில் படுத்திருந்த மாடு இருக்கிறது. பூ வைத்த அம்மா மட்டும் இல்லை. மேலும் கீழும் தள்ளித் தள்ளிக் கட்டைவிரல் மரத்துவிட்டது. எங்கே போகும்? நான்தான் திறந்து பார்த்தேனே?

31 மார்ச், திங்கள்

அண்ணன்: 'சிக்னல் சரியில்லாம ஏறாம போயிருக்கும்.'

'ஏறினதை நான் பாத்தேண்ணே.'

'பாத்திருப்ப, ஏறியிருக்காது. நீ என்னத்தத் தெரிஞ்ச?'

மருந்துச் சீட்டில் டாக்டர் கிறுக்குவதை எல்லாம் படிக்கிறவள் நான். எனக்கு ஒன்றும் தெரியாதாம். ஆனாலும் அவன் சொன்னதை முக்கால்வாசி நம்பினேன்.

2 ஏப்ரல், புதன்

புது பஸ் ஸ்டாண்டு பக்கம் தமிழழகன் என்ற பையன் போன் ரிப்பேர் கடை வைத்திருக்கிறான். அவனிடம் கொடுத்தேன். போனைத் தடவித் தடவிப் பார்த்தான்.

'அக்கா, போன்ல இருந்தத நீங்களே காலி பண்ணிட்டீங்க. திரும்ப எடுக்க வழியில்ல. மேல இருந்தத யாரோ அழிச்சிருக்காங்க.'

'தானா போயிருக்காதா தம்பி?'

'தானா போனா மொத்தமா போவும்க்கா. இப்படி ஒரு ஆளோட மொகத்த மட்டும் பொறுக்கிப் போட்டுப் போவாது. அழிச்சது கொஞ்ச நாளு குப்பைத்தொட்டியில கெடக்கும், அதையும் காலி பண்ணியிருக்காங்க. இந்த அக்கவுண்டு வேற யாருகிட்ட இருக்கு?'

அண்ணன்கிட்ட என்று சொல்ல வாய் வரவில்லை. 'வூட்டுல' என்றேன். அவன் மேற்கொண்டு கேட்கவில்லை. போனுக்குப் புது உறை போடவா என்று மட்டும் கேட்டான்.

6 ஏப்ரல், ஞாயிறு

அரியலூர் போய்விட்டு வந்தேன். எழுதலாமா வேண்டாமா? எழுதித்தான் தீரணும், இல்லன்னா இதையும் நான் கனவு கண்டதா சொல்லிடுவாங்க.

கூடத்தில் அண்ணன், அண்ணி, அப்பாவின் தம்பி அமிர்தலிங்கம் சித்தப்பா. அம்மா அடுப்படி வாசலில் வெங்காயம் உரித்துக்கொண்டிருந்தாள். டிவியில் படம் ஓடிக்கொண்டிருந்தது. கங்கை, படகு, என் மூக்கு.

'காசியில எடுத்த அம்மா படமெல்லாம் எங்கண்ணே?'

'அன்னிக்கே சொன்னேன்ல.'

'கடையில காட்டிட்டுத்தான் வரேன்.'

ரிமோட்டை வைத்துவிட்டுச் சொன்னான். 'ஆமா, நாந்தான் அழிச்சேன். இப்ப என்னங்கற? மாப்ள வூட்டுக்காரங்க கேசரி சாப்புட்டுக்கிட்டு ஒக்காந்திருக்காங்க. டிவியில படம் ஓடிக்கிட்டே இருக்கு. திடீர்னு அம்மா வருது, தலை நெறைய பூவோட, பல்லு தெரிய. பையனோட அத்தை இவங்க யாருன்னு கேக்குது. நான் என்ன சொல்லட்டும்?'

'எங்கம்மான்னு சொல்லு.'

'தூரத்துச் சொந்தம்னு சொல்லிட்டேன்.'

அதைச் சாதாரணமாகத்தான் சொன்னான். மழை வருமா என்று கேட்டதற்குப் பதில் சொல்கிற குரல். அண்ணி கீழே பார்த்தாள்.

சித்தப்பா அடுப்படிப் பக்கம் திரும்பினார். 'என்ன அண்ணி, பூவா வச்சீங்க?'

நான் அம்மாவைப் பார்த்தேன். சொல்லும்மா என்று மனதுக்குள் கெஞ்சினேன். ஆமாம் என்றுகூடச் சொல்லவேண்டாம். பேசாமல் இருந்தாலே போதும்.

'நான் எதுக்குத் தம்பி பூ வைக்கிறேன்' என்றாள் அம்மா. வெங்காயத்திலிருந்து கண்ணை எடுக்கவில்லை. 'காசிக்குப் போனோம், சாமியக் கும்புட்டோம், வந்தோம். இவ வெயில்ல சுத்துனா. என்னத்தையோ நெனச்சுக்கிட்டுப் பேசறா.'

'டிவியில வந்துச்சுங்கறானே?'

'வேற யாராவதா இருக்கும்.'

அண்ணன் அம்மா படத்த அழிச்சான். அம்மா அம்மாவையே அழிச்சுட்டா. நான் மட்டும் பைத்தியக்காரி மாதிரி நடுக்கூடத்துல நிக்கிறேன். சாப்பிட்டுவிட்டுப் போ என்று அண்ணி கூப்பிட்டாள். செருப்பை மாட்டிக்கொண்டு வந்துவிட்டேன். பஸ்ஸில் உட்கார்ந்ததும்தான் அழுகை வந்தது. பக்கத்திலிருந்த பெண் தண்ணீர் பாட்டிலை நீட்டினாள். யாரோ ஒருத்தி.

9 ஏப்ரல், புதன்

காசிக்கு டிக்கெட் போட்டதே அவன்தான. பொண்ணு பாக்கற தேதிய அதே வாரத்துல குறிச்சதும் அவன்தான. பொண்ணு பாக்க வரும்போது தாலியில்லாதவ நடுவூட்டுல நிக்கக்கூடாதுன்னு கணக்குப் போட்டு அனுப்பியிருக்கான். நான் இளிச்சவாயி, முறுக்கையும் பவர் பேங்கையும் வாங்கிக்கிட்டு நல்ல அண்ணன்னு எழுதி வச்சிருக்கேன். இல்லை, நல்ல அண்ணன் என்று எழுதவில்லை. 'எவ்வளவு அக்கறை' என்று எழுதியிருக்கிறேன். பக்கத்தைத் திருப்பிப் பார்த்துவிட்டேன்.

தூரத்துச் சொந்தமாம்.

அவனை விடு. அவனிடம் சண்டை போட எனக்கு வாய் இருக்கிறது. அம்மா ஏன் அப்படிச் சொன்னாள்? அந்தப் படகில் இருந்தது நாங்கள் மூன்று பேர். அது நடந்ததற்கு நான் ஒருத்தி சாட்சி, அவள் ஒருத்தி சாட்சி. அவளே இல்லை என்கிறாள். படமும் இல்லை. அப்போ நடக்கவே இல்லையா?

11 ஏப்ரல், வெள்ளி

தமிழழகன் கடையில் எனக்கென்று தனி அக்கவுண்ட் திறந்தேன். பாஸ்வேர்டு யாருக்கும் சொல்லமாட்டேன். இதில்கூட எழுதமாட்டேன். 'எப்பவும் ரெண்டு எடத்துல வைங்கக்கா. மேல இருக்கறதும் போன்ல இருக்கறதும் ஒண்ணோட ஒண்ணு சேர்ந்திருந்தா அது ரெண்டு எடம் இல்ல' என்றான். இப்போது சொல்லி என்ன.

14 ஏப்ரல், திங்கள்

சித்திரை ஒன்று. அம்மா கூப்பிட்டாள். எடுக்கவில்லை. எடுத்திருக்கலாம்.

20 ஏப்ரல், ஞாயிறு

கடையில் ஒருவர் இருமல் மருந்து வாங்கிவிட்டுப் புட்டியைப் படம் பிடித்தார். அவர் கட்டைவிரல் லென்ஸை மறைத்தது. நேற்று நடந்தது இது. கடையை மூடும்வரை எனக்கு இருப்புக்கொள்ளவில்லை. எப்படி மறந்தேன்? படகில் இருந்த மூன்றாவது ஆள்!

காலையில் முதல் பஸ்ஸில் செட்டிகுளம். மலைக்கோயிலுக்குப் போகும் கூட்டத்தோடு நெருக்கியடித்து இறங்கி, விசாரித்துக்கொண்டு போனேன். முத்தாயிம்மா வாசலில் மல்லாட்டை உடைத்துக் கடலை எடுத்துக்கொண்டிருந்தாள். நடந்ததையெல்லாம் சொன்னேன். உடைக்கிற கை நிற்கவில்லை.

'ஒங்கம்மா ரத்தினம் அப்படியா சொன்னா?' என்று மட்டும் கேட்டாள்.

'ஆமாம்மா. வேற யாரோன்னு சொல்லிட்டா.'

'சொல்லட்டும் வுடு. நீ இன்னிக்குப் போவ, நாளைக்கு வருவ. அவ அந்த வூட்டுலதான சோறு திங்கணும்.'

போனை எடுத்துவரச் சொல்லி மருமகளைக் கூப்பிட்டாள். கண்ட கண்ட கால் வருகிறது என்று ராஜேஷ் நெட்டையே நிறுத்தி வைத்திருக்கிறாராம். எதுவும் மேலே ஏறவில்லை. எடுத்தது எல்லாம் போனிலேயே கிடக்கிறது. ரயில் கூரை, யாரோ ஒருவர் முதுகு, கட்டைவிரல், கட்டைவிரல். அப்புறம் படகு.

பாதிப் படத்தை விரல் மறைக்கிறது. மீதிப் பாதியில் அம்மாவின் பின்னந்தலை, பூச்சரம். திரும்புகிறாள். சரத்தைத் தொட்டுக்கொண்டு, 'நல்லாருக்காடி?' என்கிறாள். 'நல்லாருக்கும்மா' என்று என் குரல். 'ஏய் முத்தாயி, என்னையப் புடிக்காத' என்று சிரிக்கிறாள். முடிந்துவிட்டது.

நடந்தது. நான் கனவு காணவில்லை. முத்தாயிம்மா வாசலில் உட்கார்ந்து கேவிக் கேவி அழுதேன். அவள் மல்லாட்டையை என் மடியில் கொட்டினாள்.

5 மே, திங்கள்

அம்மாவுக்குக் கண்ணில் புரை. பெரம்பலூரில் காட்டலாம் என்று தனியாக பஸ் ஏறி வந்துவிட்டாள். நான் பேசாமலேயே கூட்டிப்போனேன், பேசாமலேயே சாதம் போட்டேன். தட்டைக் கழுவி வைத்ததும் அவள் எதிரில் போனை வைத்து, முத்தாயிம்மாவிடமிருந்து என் போனுக்கு மாற்றிவந்த வீடியோவைப் போட்டேன். 'இது வேற யாரோதான்' என்றேன். குத்தவேண்டும் என்றுதான் சொன்னேன்.

பார்த்தாள். புரை விழுந்த கண்ணுக்குக் கிட்டத்தில் கொண்டுபோய்ப் பார்த்தாள். நின்றதும் திரும்பப் போடச் சொன்னாள். மறுபடியும். மறுபடியும்.

'ஏம்மா அப்படிச் சொன்ன?'

போனைக் கீழே வைத்துவிட்டு, 'அது நான் இல்லன்னு சொன்னாத்தான் நர்மதா காரியம் நடக்கும்னான்' என்றாள். 'என்னாலதான் நின்னு போச்சுன்னு ஆயிடக்கூடாதுல்ல.'

'அதுக்கு என்னையப் பைத்தியக்காரி ஆக்கினியே.'

'ஆமா.'

மன்னிப்பு கேட்கவில்லை. நானும் எதிர்பார்க்கவில்லை என்று எழுதலாம், ஆனால் அது பொய்.

பிறகு கேட்டாள்: 'இதை எங்க வச்சிருக்க? அவன் கைக்கு எட்டுமா?'

'எட்டாது. என் போன்ல ஒண்ணு, கார்டுல ஒண்ணு.' விரல் நகம் அளவுக்கு இருக்கும் மெமரி கார்டை எடுத்துக் காட்டினேன்.

'எனக்கும் இதுல ஒண்ணு போட்டுக் குடு.'

'ஒன் போன்ல போட்டா அண்ணனுக்குத் தெரியும்மா. கார்டை மட்டும் வச்சுக்கிட்டு எதுல பாப்ப?'

'பாக்கணும்னு இல்ல. இருக்கணும். ஒங்கப்பா சிமிழு காலியாத்தான கெடக்கு.'

சாயங்காலம் தமிழழகனிடம் இன்னொரு கார்டு போட்டு வாங்கிவந்தேன். பஸ்ஸுக்குக் கிளம்பும்போது அம்மா அதை ரவிக்கைக்குள் வைத்துக்கொண்டாள்.

8 ஜூன், ஞாயிறு

நர்மதாவுக்கு நிச்சயம். அரியலூரில், அண்ணன் வீட்டிலேயே. போகக்கூடாது என்றுதான் இருந்தேன். 'அத்தை, நீங்க வரலன்னா நான் பொடவையே மாத்தமாட்டேன்' என்று அந்தப் பெண் போனில் அழுதது.

அண்ணன் என்னைப் பார்த்ததும், 'எடுக்கறதையெல்லாம் அக்கவுண்டுல ஏத்திடு ஹேமா' என்றான், ஒன்றுமே நடக்காத மாதிரி. 'என் போனு இப்ப தனிண்ணே' என்றேன். வேலையாகப் போகிறவன் போல நகர்ந்துவிட்டான்.

அம்மா கடைசி வரிசையில் ஓரமாக, சாம்பல் நிறப் புடவையில். எல்லாருடைய தலையிலும் இருந்தது அவள் விடியற்காலையில் கட்டிய பூ. பையனின் அத்தை அவளையே உற்று உற்றுப் பார்த்துவிட்டு, 'ஒங்கள எங்கயோ பாத்த மாதிரியே இருக்குங்க' என்றாள். 'வயசானா எல்லாரும் ஒரே சாடைதாங்க' என்றாள் அம்மா. இப்போதும் தான் இல்லை என்றே சொல்கிறாள். அவளிடம் அந்தக் கார்டு இருக்கிறது என்று தெரிந்தும் எனக்கு வலித்தது.

தட்டு மாற்றும் நேரத்தில்தான் தெரிந்தது, குங்குமச் சிமிழ் வாங்க மறந்துவிட்டார்கள். அண்ணி பதறிக்கொண்டு அம்மாவிடம் வந்தாள். 'அத்தை, ஒங்க பொட்டியில வெள்ளிச் சிமிழு சும்மாத்தான கெடக்கு? குடுங்க, தட்டுல வச்சுடலாம்.' அம்மா முன்வரிசைக்கு ஆகாது. அவள் சிமிழ் மட்டும் ஆகும்.

அந்த வீட்டில் அம்மா எதையும் தரமாட்டேன் என்று சொல்லி நான் கேட்டதில்லை. வளையலைக் கேட்டார்கள், கொடுத்தாள். பெட்டி சாவி அண்ணியிடம்தான் எப்போதும் இருக்கும். இன்று அம்மா இடுப்பில் இருந்தது.

'குடுக்க முடியாது' என்றாள் அம்மா.

அண்ணிக்குப் புரியவில்லை. 'காலிச் சிமிழுதான அத்தை?'

'காலி இல்ல. அதுல என்னோடது இருக்கு.'

முன்வரிசையிலிருந்து அண்ணன் திரும்பி அம்மாவைப் பார்த்தான், பிறகு என்னைப் பார்த்தான். அம்மா சாவியை இடுப்பில் இன்னும் கொஞ்சம் உள்ளே செருகிக்கொண்டாள். குங்குமத்தை ஒரு கிண்ணத்தில் போட்டு வைத்தார்கள். தட்டு மாற்றினார்கள். பிறகு சாப்பிடக் கூப்பிட்டார்கள், நான் அம்மா பக்கத்தில் உட்கார்ந்தேன்.